ஐந்து மணி வாப்சி

அன்றைக்கு நாக்காவில் நின்றவர்கள்: கான்ஸ்டபிள் அப்பாராவ். கான்ஸ்டபிள் பிஸ்வாஸ். கான்ஸ்டபிள் முருகையா. கான்ஸ்டபிள் டைட்டஸ். வண்டிகளை மறித்துச் சோதிக்க, ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு தார் டிரம், ஒரு மூங்கில். அரைக் கிலோமீட்டர் தள்ளி அவுட்போஸ்டில் மேஜைக்கு முன்னால் நான். ஹெட் கான்ஸ்டபிள், முன்ஷி. முன்ஷி என்றால் டைரி எழுதுகிறவர்.

அவுட்போஸ்ட் பெயர் வேண்டாம். பம்பூபிளாட் ஜெட்டிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. அது போதும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் அங்கே கம்ப்யூட்டர் டைரி வந்துவிட்டது. இன்சார்ஜாக இருக்கிற எஸ்.ஐ. ஒரு தமிழ்ப் பெண். போன் செய்தார். "சார், இதுல நேரத்தை நாம போட முடியாது. மெஷினே போட்டுக்குது. பசங்க திண்டாடுறாங்க" என்றார். நான் சௌல்தாரியில் என் வீட்டு முற்றத்தில் பாக்கு காயவைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே எழுந்துவிட்டேன். மெஷினே போடுகிறதா, மாற்ற முடியாதா என்று மூன்று தரம் கேட்டேன். ஏன் சார் இவ்வளவு சந்தோஷம் என்றார். போனில் சொல்ல வரவில்லை. எழுதித் தாருங்கள், குடிகாரர் வண்டி மோதிச் செத்த நம் ஆட்களை நினைக்கிற கூட்டம் வருகிறது, நான் ஹிந்தியில் மாற்றிப் படித்துவிடுகிறேன் என்றார்.

நான் எட்டாவது வரைதான். ஆனால் டைரி எழுதிய கை. உட்கார்ந்துவிட்டேன். நாலு நாளாகக் கை நிற்கவில்லை.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து பி.டபிள்யூ.டி.யில் கூலி மஸ்தூராக இருந்தவர். நான் இங்கேயே பிறந்தவன். போலீசில் எடுத்தார்கள். டிரெயினிங்கில் ஓடினோம், லத்தி சுற்றினோம், மழையில் நனைந்தோம். சொல்ல ஒன்றும் இல்லை. கோபாலனை மட்டும் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டில்காரன். சர்வீசில் இரண்டாம் வருஷம் போர்ட் பிளேயரில் டிராஃபிக் டியூட்டியில் நின்றபோது ஒரு லாரி அவன் மேல் ஏறியது. டிரைவருக்குக் குடியில் நிற்கக் கால் இல்லை. பார்த்த ஜனம் ஐம்பது பேர் இருக்கும். ஆனால் ரத்தம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கோர்ட்டில் வாசனையைப் பற்றிச் சாட்சி சொன்னோம். இருமல் மருந்து என்றார் வக்கீல். டிரைவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அந்தக் கேஸை எழுதிய எஸ்.ஐ.க்கு அப்போது சின்ன வயது. ஹால்தார் என்று பெயர். பல வருஷம் கழித்து அவரே எங்கள் அவுட்போஸ்டுக்கு இன்சார்ஜாக வந்தார்.

ஹால்தார் சார் கத்த மாட்டார். கோபம் வந்தால் நாற்காலியைக் காட்டி "பைட்டோ" என்பார். உட்கார் என்று. எங்களுக்கு அதுதான் பயம். திட்டினால் திட்டு முடிந்துவிடும், வெளியே வந்து பீடி பற்றவைக்கலாம். உட்காரவைத்துவிட்டுப் பேசாமல் அவர் வேலையைப் பார்ப்பார். நாமாகத்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். முருகையா ஒரு தரம் கேட்காத தப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தான்.

அவர் மேஜையின் கீழ் இழுப்பறையில் ஒரு தகர டப்பா. பிஸ்கட் டப்பா. அதில் மருந்து போட்ட கண்ணாடிக் குப்பி இரண்டு, அரக்குக் கட்டி, மெழுகுவத்தி, நூல், வெள்ளைத் துணி, தீப்பெட்டி. திங்கட்கிழமை தோறும் திறப்பார். தீக்குச்சி ஒன்று கிழித்துப் பார்ப்பார், இந்த ஊர் ஈரத்தில் நமுத்திருக்குமே என்று. பிறகு எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒப்பிக்கச் சொல்வார். குடித்தவனைப் பிடித்தால் முதலில் டாக்டர். ஊசி போடும் இடத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் கூடாது. ஸ்பிரிட்டில் துடைத்தால், குப்பியில் இருக்கிற சாராயம் பஞ்சிலிருந்து வந்தது என்பான் வக்கீல். குப்பி இரண்டு, சீல் இரண்டு, எடுத்த நேரம், டாக்டர் கையெழுத்து. பிடித்தவனை அடிக்கக் கூடாது, ஒரு கீறல் இருந்தாலும் கேஸ் அவன் பக்கம்.

இதெல்லாம் ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு நாள் அவரே சொன்னார், "கோபாலனுக்கு நான் இதைச் செய்யவில்லை, முன்ஷி."

இனி என் தப்பு.

போலீஸ்காரன் டியூட்டிக்கு வெளியே போனால் டைரியில் ரவானகி எழுத வேண்டும். போனவர் யார், எத்தனை மணிக்கு, எங்கே. திரும்பினால் வாப்சி. இது இந்தியா முழுக்க உள்ளது. எங்களுக்கு மட்டும் ஒரு தொல்லை. அப்பாராவ், பிஸ்வாஸ், முருகையா மூன்று பேருக்கும் வீடு தண்ணீருக்கு அந்தப் பக்கம், போர்ட் பிளேயரில். நாக்கா ஐந்து மணிக்கு முடியும். ஐந்தே முக்காலுக்கு ஃபெர்ரி. அதை விட்டால் ஏழரை. நாக்காவிலிருந்து அவுட்போஸ்டுக்கு வந்து, வாப்சி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் பஸ் போய்விடும்.

அதனால் மதியம் ரவானகி எழுதும்போதே வாப்சியும் எழுதிவிடுவேன். "மாலை ஐந்து மணி. நாக்கா பார்ட்டி நான்கு பேரும் திரும்பினார்கள். நலம்." நாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு முன்னால் இருந்த முன்ஷியும் அப்படித்தான். ஹால்தார் சார் மறுநாள் காலையில் கையெழுத்துப் போடுவார். அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. டைரிக்குக் கார்பன் காப்பி உண்டு. அது நாலு மணி பஸ்ஸில் பெரிய ஸ்டேஷனான தாணாவுக்குப் போய்விடும்.

டைட்டஸுக்கு ஃபெர்ரி கிடையாது. கார் நிக்கோபார்ப் பையன், அவுட்போஸ்டுக்குப் பின்னால் பாரக்கில் இருந்தான். ஃபுட்பால் ஆடுவான், வெறுங்காலில். சோற்றை முதலில் அவனுக்குப் போட்டால் மற்றவர்களுக்கு மிஞ்சாது என்று பிஸ்வாஸ் அவனைக் கடைசியில்தான் உட்காரவிடுவான். டைட்டஸ் குடிக்க மாட்டான். சர்ச்சில் பாடுவான்.

அன்று ஐந்தேகாலுக்குப் பஸ் வந்தது. இந்த ஊரில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். டிரைவர் தலையை வெளியே நீட்டி, பின்னால் ஒரு ஜீப் ரோடு முழுக்க ஆடி ஆடி வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று பேரும் ஒரு கால் பஸ்ஸில். டைட்டஸ் சொன்னானாம், நீங்கள் போங்கள், அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று. அப்பாராவ் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே, "நீ நில்லுடா. உன் மேல மோதினா ஜீப்புதான் ஆஸ்பத்திரிக்குப் போகும்" என்றானாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அப்பாராவ் இதை என்னிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னான்.

ஐந்து இருபது. எனக்குச் சத்தம்தான் கேட்டது. டிரம் உருளுகிற சத்தம். வெளியே வந்தேன். ஜீப் என்னைத் தாண்டிப் போனது. ஒரு லைட்தான் எரிந்தது. முன்னால் மூங்கில் துண்டு செருகி நின்றது. நிற்கவில்லை, ஜெட்டிப் பக்கம் போனது.

டைட்டஸிடம் ஓடுவதா, போனா? போனை எடுத்தேன். சரியா தப்பா, இன்றைக்கும் தெரியாது. ஜெட்டி டிக்கெட் கவுண்டருக்கு அடித்தேன். எங்கேஜ். மறுபடி அடித்தேன். கிடைத்தது. எங்கள் பையன்கள் மூன்று பேர் பஸ்ஸில் வருவார்கள், பின்னாலேயே ஒரு லைட் ஜீப் வரும், ஃபெர்ரியில் ஏறட்டும், ஏறியதும் பிடிக்கச் சொல், நான் வராமல் ஃபெர்ரி கிளம்பக் கூடாது என்று சராங்கிடம் சொல் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியது அதுதான்.

பிறகு ஓடினேன். டைட்டஸ் ரோட்டோரம் கிடந்தான். கண் திறந்திருந்தது. டார்ச் கையிலேயே இருந்தது, எரிந்துகொண்டிருந்தது. "முன்ஷிஜி, ஜீப்?" என்றான். "ஜெட்டியில் பிடிச்சாச்சு" என்றேன். அப்போது எனக்குத் தெரியாது. சொன்னேன்.

வாழைக்காய் ஏற்றிய பிக்கப் ஒன்று வந்தது. வாழைத் தார்களை ரோட்டில் தள்ளினோம். வண்டிக்காரரே பாதியைத் தள்ளினார். டைட்டஸைப் படுக்கவைத்தோம். அவுட்போஸ்ட் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். ஹால்தார் சார் போர்ட் பிளேயரில் மீட்டிங்கில் இருந்தார், இழுப்பறைச் சாவி அவரிடம். கடப்பாரையால் உடைத்தேன். பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிஷத்தால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். சொன்னார்.

ஜெட்டியில் ஃபெர்ரி நின்றுகொண்டிருந்தது! ஜனம் கத்திக்கொண்டிருந்தது, ஃபெர்ரி ஓட்டுகிற சராங் ஹாரன் மேல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், ஆனால் நின்றது. ஜீப் அதன் மேலே இருந்தது. கம்பியோடு சேர்த்து விலங்கு போட்டு டிரைவர் உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் பிஸ்வாஸும் முருகையாவும். அன்றைக்கு அதைப் பார்த்தபோது என் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. இப்போதும் வருகிறது. ஃபெர்ரிக்காக ஓடிய பையன்கள் அந்த ஃபெர்ரியிலேயே அவனைப் பிடித்தார்கள்.

ஒரே ஃபெர்ரியில் இரண்டு பேரும் போனார்கள். வேறு வழி இல்லை. நடுவில் பலகையில் டைட்டஸ். பத்தடி தள்ளி ஜீப் ஓட்டியவன். மணல் காண்ட்ராக்டர், நம் தமிழ் ஆள்தான். தலை ஆடிக்கொண்டிருந்தது. டைட்டஸைப் பார்த்து என்னிடம் கேட்டான், "அண்ணே, இந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு?"

முருகையாவின் கை மேலே போனது. நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "கீறல் கூடாது" என்றேன். ஜெட்டி வரும்வரை விடவில்லை.

சாத்தாம் ஜெட்டி விளக்கு தெரிந்தபோது டைட்டஸ் போய்விட்டான். அப்பாராவ்தான் தலையை மடியில் வைத்திருந்தான். தொப்பியைக் கழற்றினான். தெரிந்துகொண்டோம்.

ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டரின் ரத்தம் எடுக்க நர்ஸ் ஊசியோடு வந்தார். பஞ்சை பாட்டிலில் நனைத்தார். வாடை மூக்கில் ஏறியது. நான் குறுக்கே பாய்ந்துவிட்டேன். ஸ்பிரிட் வேண்டாம் அம்மா என்றேன். "எனக்கு நீங்க பாடம் எடுக்கிறீங்களா?" என்று கேட்டார். எடுக்கிறேன் என்றேன். டாக்டர் என் சட்டையைப் பார்த்தார், அதில் டைட்டஸின் ரத்தம். சோப்புத் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்றார். மாலை ஆறு ஐம்பதுக்கு ரத்தம் எடுத்தார்கள். குப்பி இரண்டு. தீக்குச்சி முதல் கிழிப்பிலேயே பற்றியது. அரக்கு உருக்கி நான்தான் சீல் வைத்தேன். விரல் சுட்டது, தெரியவில்லை. ஹால்தார் சார் அப்போதுதான் உள்ளே வந்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கை வைத்தார். அந்த மனிதர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

காலையில் அவுட்போஸ்டுக்கு வந்து டைரியைத் திறந்தேன். சம்பவத்தை எழுத வேண்டும். அங்கே என் கையெழுத்தில் இருந்தது. மாலை ஐந்து மணி. நான்கு பேரும் திரும்பினார்கள். நலம்.

கீழே டைட்டஸ் கையெழுத்து.

ஹால்தார் சார் வந்ததும் நானே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சொல்லவில்லை. டைரியைக் காட்டினேன். வெட்டாதே, கிழிக்காதே, மேலே எழுதாதே என்றார். நடந்ததைக் கோர்ட்டில் சொல் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லாதே என்றும் சொல்ல மாட்டேன், என் கையெழுத்தும் இதில் வரும், அதனால் நான் பேசக் கூடாது என்றார்.

கேஸ் கோர்ட்டுக்கு வர ஒன்றரை வருஷம். ரத்தத்தில் சாராயம் இருந்தது என்று மெயின்லேண்ட் லேபிலிருந்து காகிதம் வந்துவிட்டது. வாசனை, இருமல் மருந்து எதுவும் நடக்காது. அதனால் காண்ட்ராக்டர் பக்கத்தார் டைரியைப் பிடித்தார்கள். நாக்காவே இல்லை. ஐந்து மணிக்கு எல்லாரும் திரும்பியாயிற்று. பிறகு டைட்டஸ் இருட்டில் ரோட்டில் என்ன செய்தான்? டியூட்டி முடிந்து குடித்துவிட்டு வண்டிக்குக் குறுக்கே விழுந்தான். இதுதான் அவர்கள் கதை.

கதை நின்றால் காண்ட்ராக்டர் வெளியே. டைட்டஸ் டியூட்டியில் செத்த போலீஸ்காரன் இல்லை, ரோட்டில் விழுந்த குடிகாரன்.

நான் சாட்சி சொல்ல ஒரு வாரம் இருக்கும்போது காண்ட்ராக்டரின் மைத்துனர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. எதையும் நீட்டவும் இல்லை. "அண்ணே, நீங்க பொய் சொல்ல வேண்டாம். எழுதினது எழுதினபடி இருக்கட்டும். உங்க எழுத்தை நீங்களே பொய்யின்னா வேலை போயிடும். பேசாம இருக்கிறது ஒரு தப்பா?" டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

என் மனைவி செல்வி அடுப்பிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். எட்டாங்கிளாஸ் படித்த ஆளுக்கு யார் வேறு வேலை கொடுப்பார்கள் என்று அவள் கேட்கலாம் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அந்தப் பையன் நம்ம வீட்ல எத்தனை தரம் சாப்பிட்டிருப்பான்?" என்றாள். எண்ணிக்கை தெரியாது.

கோர்ட் நாள். டைட்டஸின் அக்கா கார் நிக்கோபாரிலிருந்து கப்பலில் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காண்ட்ராக்டரின் வக்கீல் டைரியை என் முன்னால் வைத்தார். இது யார் எழுத்து? என் எழுத்து. இந்த நேரம் யார் போட்டது? நான் போட்டேன். அப்படியானால் ஐந்து மணிக்குமேல் நாக்காவில் யாரும் இல்லை, சரிதானே என்றார்.

இந்த ஐந்து மணி வாப்சியை நான் மதியம் இரண்டரைக்கு எழுதினேன் என்றேன்.

வக்கீல் சிரித்தார். செத்துப்போன சினேகிதனுக்காக இன்று சொல்கிறீர்கள், ஆதாரம் என்ன என்றார். இருக்கிறது என்றேன். ராத்திரி படுக்கையில் ஆயிரம் தரம் நினைத்துப் பார்த்தது அதுதான். இந்தப் பக்கத்தின் கார்பன் காப்பி அன்று நாலு மணி பஸ்ஸில் தாணாவுக்குப் போனது, வாங்கியவர் நேரம் போட்டு முத்திரை குத்தியிருப்பார், அதைத் தருவியுங்கள் என்றேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். காப்பி இருக்குமா? கரையான் தின்றிருக்குமா? இந்த ஊர் மழைக்கு எந்தக் காகிதம் நிற்கும்?

அடுத்த வாய்தாவில் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டை வந்தது. பிரித்தார்கள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பெஞ்ச் கிளார்க் ஒரு அடிக்கோலை நுழைத்து ஒவ்வொன்றாக உரித்தார். அந்தத் தேதி வந்தது. உரிந்தது. ஓரம் கிழிந்திருந்தது, நடுவில் முத்திரை இருந்தது. வாங்கிய நேரம் நாலு நாற்பது. அதே காகிதத்தில் என் எழுத்து, மாலை ஐந்து மணி, நான்கு பேரும் திரும்பினார்கள், நலம்.

நாலு நாற்பதுக்கு வந்து சேர்ந்த காகிதத்தில் ஐந்து மணி. நீதிபதி அதை இரண்டு தரம் படித்தார். வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. என்னை மாட்டிவிட்ட காகிதம்தான். ஆனாலும் அப்படி இருந்தது.

எனக்கு என்ன ஆனது என்று எஸ்.ஐ. அம்மா கேட்பார். இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்கிரிமென்ட் நிறுத்தினார்கள், புரமோஷன் வரவே இல்லை. ஹெட் கான்ஸ்டபிளாகவே ரிட்டயர் ஆனேன். ஹால்தார் சாருக்கும் ஒரு கண்டனக் காகிதம். காண்ட்ராக்டர் ஜெயிலுக்குப் போனான். டைட்டஸ் பெயர் டியூட்டியில் செத்தவர் பட்டியலில் ஏறியது, வருஷா வருஷம் படிக்கிறார்கள். கோபாலன் பெயருக்கு அடுத்து.

அன்றைக்கு நீதிபதி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். டைரியில் உள்ளதை நான் கேட்கவில்லை, ரோட்டில் இருந்ததைக் கேட்கிறேன் என்றார். மாலை ஐந்து இருபதுக்கு அந்த நாக்காவில் டியூட்டியில் நின்ற போலீஸ்காரர்கள் எத்தனை பேர்?

டைட்டஸின் அக்கா எழுந்து நின்றுவிட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கிளார்க் பேனாவைத் திறந்தார்.

ஒருவர்.